மதுரைக் காற்றில் கலந்திருப்பவை எங்கிருந்து வந்தன?

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது நிற்பது சோழவந்தானுக்கு அருகே உள்ள ஒரு நெல் வயலின் வரப்பில். என் கையில் இருப்பது கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சிறு கருவி. சூரியன் இன்னும் எழவில்லை. கருவி 460 பிபிஎம்மைத் தாண்டிக் காட்டுகிறது. அதாவது காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 460க்கு மேற்பட்டவை கார்பன் டை ஆக்சைடு. இதே வரப்பில் நண்பகலில் அளந்தால் 420ஐ ஒட்டிய எண்தான் வரும். தொலைவில் செங்கல் சூளையின் புகைபோக்கி தெரிகிறது. அதுவே காரணம் என்று சொல்லிவிட எவருக்கும் தோன்றும். ஆனால் ஒரு வாயுவின் அளவு மட்டும் அது பிறந்த இடத்தைச் சொல்லிவிடாது. அளந்த நேரம், காற்று வந்த திசை, அதனுடன் சேர்ந்து வந்த பிற வாயுக்கள் ஆகிய மூன்றையும் அருகில் வைத்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு என்பதை இந்தக் காணொலியில் விளக்க விரும்புகிறேன்.

உலர்ந்த காற்றில் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் ஆகிய மூன்றும் போக எஞ்சுவது மிகச் சிறிய பங்கு. கார்பன் டை ஆக்சைடு இன்று உலக சராசரியில் 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. மீத்தேன் சுமார் 1.9 பிபிஎம், நைட்ரஸ் ஆக்சைடு அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவு. குளிர்சாதனங்களில் இருந்து வந்த குளோரோஃபுளூரோ கார்பன்கள் இலட்சம் கோடி மூலக்கூறுகளில் சில நூறு என்ற கணக்கில் இருக்கின்றன. இவற்றைத்தான் சுவடு வாயுக்கள் என்கிறோம். நம் ஊர் மல்லிகை மாலையில் மலரும்போது காற்றில் விடும் மணப்பொருள்களான லினலூலும் பென்சைல் அசிடேட்டும் இந்த வகையைச் சேர்ந்தவையே என்பதை நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சி உண்டு.

விடியற்காலை எண் உயர்வதற்கு வருவோம். இரவு முழுவதும் பயிரும் மண்ணும் மூச்சு விட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. ஒளிச்சேர்க்கை இல்லாததால் அந்த வாயுவை எடுத்துக்கொள்ள ஆளில்லை. தரை குளிர்ந்துவிடுவதால் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே உள்ள வெப்பமான காற்றுடன் கலக்காமல் தாழ்ந்து தங்கிவிடுகிறது. வெயில் ஏறித் தரை சூடாகும்போது அந்த அடுக்கு உடைந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலாகக் கலக்கிறது, பயிரும் உறிஞ்சத் தொடங்குகிறது, எண் இறங்குகிறது. சூளை அணைந்திருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் நடக்கும். ஆகவே விடியற்காலை ஒரு இடத்திலும் நண்பகலில் வேறொரு இடத்திலும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுபவர்கள் இடத்தை அல்ல, நேரத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதனுள் ஒரு அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அந்த ஒளியை விழுங்குகிறது. எவ்வளவு குறைந்தது என்பதில் இருந்து அளவு கிடைக்கிறது. அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பயன்படுத்தியதும் இதே அகச்சிவப்பு முறைதான். அன்று கிடைத்தது ஏறக்குறைய 313 பிபிஎம். அவரது பதிவு மதிப்புப் பெற்றதற்குக் காரணம் கருவி மட்டுமல்ல. அளவு துல்லியமாகத் தெரிந்த வாயுக் கலவையை உருளைகளில் வைத்துக்கொண்டு அவர் ஓயாமல் செய்த ஒப்பீடுதான். கடைகளில் கிடைக்கும் மலிவான உணரிகளில் பலவோ, சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே 400 என்று வைத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அதை ஒரு வாரம் வைத்திருந்தால் பிறகு அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

ஈரப்பதம் இன்னொரு சிக்கல். ஐப்பசி அடைமழைக் காலத்தில் நம் காற்றில் நீராவி 3 விழுக்காடு வரை இருக்கக்கூடும். அந்த நீராவி மற்ற வாயுக்களின் பங்கைக் குறைத்துக் காட்டும். 420 பிபிஎம்மில் 3 விழுக்காடு என்பது 12 பிபிஎம்முக்கு மேல். உலக வானிலை அமைப்பு தன் நிலையங்களுக்கு இடையே எதிர்பார்க்கும் ஒத்திசைவோ 0.1 பிபிஎம். ஆகவே காற்றை உலர்த்தாமல், அல்லது நீராவியைத் தனியே அளந்து கழிக்காமல், கோடையையும் மழைக்காலத்தையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

இப்போது வயலுக்குள் பாருங்கள். நாற்றுகளின் மேல் கவிழ்த்திருக்கும் அந்தக் கண்ணாடி போன்ற பெட்டி அக்ரிலிக்கால் ஆனது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் அங்குள்ள நுண்ணுயிர்கள் மக்கும் பொருளில் இருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வருகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி குமிழ்களாக வெளியேறுகிறது. பெட்டியை மூடிய நேரத்தில் இருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசிக்குழாயால் காற்றை எடுத்துக் குப்பியில் அடைத்து, ஆய்வகத்தில் வாயுக்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் கொடுத்தால் மீத்தேன் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, அரை மீட்டர் உயரமுள்ள பெட்டியில் மணிக்கு 6 பிபிஎம் வீதம் ஏறினால், அந்த வயல் சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் மீத்தேனை வெளியிடுகிறது என்று கணக்கு வரும். சேற்றில் இறங்கி மிதித்தால் மண்ணுக்குள் சிக்கியிருக்கும் குமிழ்கள் கிளம்பி எண்ணைக் கெடுத்துவிடும். அதனால்தான் வரப்பில் இருந்து பெட்டி வரை பலகை போட்டிருக்கிறோம்.

இந்த மீத்தேன் இயற்கையா, மனிதச் செயலா? நுண்ணுயிர்கள் இயற்கையானவை. ஆனால் 1895இல் முல்லைப்பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே வைகைக்குத் திரும்பிய பிறகே மேலூர் வரை இவ்வளவு பரப்பில் நெல் பெருகியது. ஆகவே உலகக் கணக்கேடுகள் நெல் வயலை மனிதச் செயலின் கீழ் வைப்பது சரி என்றே நான் கருதுகிறேன். மாட்டின் இரைப்பையும் குப்பைக் கிடங்கும் அப்படியே. இயற்கை ஒரு பக்கம், ஆலை மறு பக்கம் என்று கோடு போட்டால் நம் வட்டாரத்து மீத்தேனில் பெரும்பகுதி எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்றுவிடும்.

மூலத்தைப் பிரித்தறிய நல்ல வழி, கூட்டாளி வாயுக்களைத் தேடுவது. நிலத்தடி எரிவாயு கசிந்தால் மீத்தேனுடன் ஈத்தேனும் வரும். வயலில் இருந்து வருவதில் ஈத்தேன் இராது. விறகும் வைக்கோலும் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உடன் வரும். நிலக்கரி எரியும் அனல் மின் நிலையத்தின் புகையில் சல்ஃபர் டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்திருக்கும். கார்பனின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் அதன் அணு வகைகள், இன்னும் நுட்பமான சாட்சி. உயிருள்ள மரம் காற்றில் இருந்து எடுத்துக்கொள்ளும் கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியில் அது எஞ்சியிருக்காது. வேலிக் கருவை விறகைப் போட்டு எரித்த சூளையின் புகையில் அது இருக்கும். நிலக்கரி எரித்த சூளையின் புகையில் இராது. விருதுநகர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லில் இருந்தே பிரியும் கார்பன் டை ஆக்சைடிலும் அது இராது.

குளோரோஃபுளூரோ கார்பன்களில் இந்தக் குழப்பம் இல்லை. அவை முழுக்க ஆலையில் பிறந்தவை. பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக், மிக நுண்ணிய அளவையும் காட்டும்படி தாம் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணரியைக் கப்பலில் எடுத்துச் சென்று 1970களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடல் நெடுகிலும் அவற்றைக் கண்டறிந்தார். அவற்றின் உற்பத்தியைக் கட்டுப்படுத்திய 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அவை குறைந்துகொண்டிருக்க, அவற்றுள் ஒன்றான சிஎஃப்சி-11 எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்பது 2018இல் வெளியாயிற்று. மறு ஆண்டு, தென் கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹடெருமா நிலையங்களின் பதிவுகளைக் காற்றின் பாதையோடு பொருத்தி, கூடுதல் வெளியீட்டில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவில் இருந்து வருவதை ஆய்வாளர்கள் காட்டினர். பின்னர் அந்த வெளியீடு குறைந்தது. அளவீட்டின் மீது எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட வலுவான காரணம் எதுவுமில்லை.

அங்கே காற்றின் பாதை பார்த்ததைப் போலவே இங்கேயும் பார்க்க வேண்டும். கோவாவின் கேப் ராமாவில் 1993 முதல் எடுக்கப்பட்ட காற்று மாதிரிகளில் தென்மேற்குப் பருவக்காலத்தில் கடலைக் கடந்து வரும் தூய்மையான காற்றும், குளிர்காலத்தில் நிலப்பரப்பின் மீது வரும் கலங்கிய காற்றும் தெளிவாக வேறுபட்டன. மதுரையிலும் ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் காற்றும் மார்கழியில் வடகிழக்கில் இருந்து வரும் காற்றும் ஒன்றல்ல. ஒரே வயலில் இரு பருவங்களிலும் அளந்தால் பின்புல அளவே மாறியிருக்கும்.

மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் நெல் பயிரிடும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுபவர்கள், வயலில் நீர் வற்றிய நாளையும் மீண்டும் பாய்ச்சிய நாளையும் யூரியா இட்ட நாளையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இடையிடையே காயவிட்டால் மீத்தேன் பெருமளவு குறைகிறது. ஆனால் காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவின் நைட்ரஜன் நைட்ரஸ் ஆக்சைடாக மாறுவது கூடக்கூடும், அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. இரண்டையும் கூட்டிக் கழித்து எது மிச்சம் என்று பார்க்க எங்கள் பெட்டியின் எண்களுடன் உங்கள் நோட்டின் தேதிகளும் வேண்டும். எழுதியதைப் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு வரும் காணொலியில் அவற்றை வைத்து முழுக் கணக்கையும் செய்து காட்டுகிறேன்.