மாட்டுப் பட்டியலில் ஒரு கல்யாணத் தேதி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்குப் பழைய உயில் என்றால் ஒரு கிறுக்கு. எந்த ஊர் உயிலானாலும் சரி. இன்று பேசப்போவது அமெரிக்காவில், பாஸ்டன் நகரில், 1676 ஜூலை 31 அன்று ஒரு பாட்டி எழுதிவைத்த உயிலைப் பற்றி. புகுந்த வீட்டுப் பெயர் மேரி வின்ஸ்லோ. பிறந்த வீட்டில் மேரி சில்டன்.

1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போனவர்களை ஏற்றிக்கொண்டு மேஃபிளவர் கப்பல் போனதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் அப்பா அம்மாவோடு வந்த பதின்மூன்று வயதுப் பெண் இவள். அப்பா ஜேம்ஸ் சில்டன், தையல்காரர். குடியேறுவதற்கு ஓர் இடம் முடிவாகும் முன்பே, டிசம்பர் 8 அன்று இறந்துவிட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே அம்மாவும் போய்விட்டார்.

சரி, அந்த அம்மாவின் பெயர் என்ன? அங்கேதான் வம்சாவளி தேடுகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். குடியேற்றத்தின் ஆளுநர் பிராட்ஃபோர்டு கப்பலில் வந்தவர்களைக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார். அதில் "ஜேம்ஸ் சில்டன், அவர் மனைவி, மகள் மேரி". அவ்வளவுதான். அதற்கு முன்னே 1609-ல், இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில், சடங்கில்லாமல் ரகசியமாக ஒரு குழந்தையை அடக்கம் செய்த விவகாரத்தில் இந்த அம்மாளைத் திருச்சபையை விட்டே விலக்கினார்கள். அந்த ஏட்டிலும் "ஜேம்ஸ் சில்டனின் மனைவி". திருச்சபையையே எதிர்த்து நின்றவள்; அவள் பெயரைக் கேட்டு எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை!

பிற்காலத்தில் ஒரு பெயரைக் கொண்டுவந்து ஒட்டினார்கள், சூசன்னா ஃபர்னர் என்று. ஜேம்ஸின் மாற்றாந்தாய்க்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த பெண். ஜேம்ஸ் அவளைக் கட்டினார் என்பதற்குச் சான்று இல்லை, வெறும் ஊகம். ஆனால் குடும்ப மரம் போடுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, இன்று அது கல்வெட்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதில்தான் கோபம். தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள் ஐயா!

மேரிக்கு வருவோம். அவள் எப்போது கல்யாணம் செய்துகொண்டாள்? பதிவு கிடையாது. 1623-ல் நிலம் பிரித்தபோது மேரி சில்டன் என்று இருக்கிறாள். 1627 மே 22 அன்று குடியேற்றத்து மாடுகளைப் பங்கு போட்டார்கள். பங்குக்குப் பதின்மூன்று பேர் வீதம் பன்னிரண்டு பங்கு. ஆண், பெண், குழந்தை, எல்லார் பெயரும் உண்டு. அதில் ஜான் வின்ஸ்லோ, அடுத்து மேரி வின்ஸ்லோ. ஆக, கல்யாணம் இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில். மாட்டுக் கணக்குதான் நமக்குக் கல்யாணப் பத்திரிகை! நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பாரே, அதே வேலைதான் இதுவும்: இந்த வருஷம் யார் பெயரில், அடுத்ததில் யார் பெயரில்.

இப்போது உயில். அங்கே அந்தக் காலச் சட்டப்படி புருஷன் இருக்கும்போது, அவன் சம்மதம் இல்லாமல் பெண்டாட்டி உயில் எழுத முடியாது. மேரியின் கணவர் ஜான் வின்ஸ்லோ 1674-ல் காலமானார். விதவையானதால்தான் அவளால் எழுத முடிந்தது. கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட்டிருக்கிறாள். மேஃபிளவரில் வந்த பெண்களில் உயில் வைத்துவிட்டுப் போனவர்கள் மிகச் சிலர். அதனால்தான் இந்தக் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு.

மகன் ஜானுக்குப் பெரிய சதுர மேஜை. மகள் சாரா மிடில்கோட்டுக்கு நல்ல கவுன், பாவாடை, வெள்ளிக் கிண்ணம். பேரன் வில்லியம் பெயினுக்குப் பெரிய வெள்ளிக் கூஜா. கொஞ்சம் நில்லுங்கள். பெயின் என்று ஒரு பேரன் எங்கிருந்து வந்தான்? சாராவுக்கு மிடில்கோட் மூன்றாவது கணவர். இரண்டாவது கணவர் பெயின். அவருக்குப் பிறந்தவன் இவன். ஒரு கூஜா, அறுந்துபோன ஒரு கல்யாணத்தைக் காட்டிக்கொடுக்கிறது!

இன்னொன்று. பேத்தி ஆன் கிரே. அவளுக்கு ஒரு பெட்டி நிறையத் துணி, ஏற்கெனவே அவளிடம் கொடுத்தாயிற்று என்றே எழுதியிருக்கிறது. கூடவே கட்டில், மெத்தை, தலையணை, பத்து பவுண்டு பணம். பேத்திக்கு இவ்வளவு. அவள் அம்மாவுக்கு? உயிலில் அந்த அம்மாவே இல்லை. கிரே குடும்பத்துக்கு மருமகளாய்ப் போன மகள் மேரி, 1663-லேயே இறந்துவிட்டாள். உயிலில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், யார் இல்லை என்றும் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மகள் சூசன்னா லேதமின் மகன். ஐந்து பவுண்டு அவனுக்கு. பெயர் சில்டன் லேதம்! பாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைப் பேரனுக்கே பெயராக வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துப் பெண்களைத் தேடுகிறவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதனால்தான். தாய்வீட்டுப் பெயர் எங்கேயாவது இப்படித் தலைகாட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். மரபணுச் சோதனை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வருகிற மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்று உண்டு. மேரியிலிருந்து மகள், மகளின் மகள் என்று அறுபடாத பெண்வழியில் இன்று யாராவது இருந்தால், அந்தப் பெயரில்லாத அம்மாவின் மரபணுவை அவரிடம் பார்க்கலாம். பெயரைத்தான் பார்க்க முடியாது. பிறகு நாள்காட்டி: 1752 வரை இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த அந்தக் குடியேற்றங்களிலும் மார்ச் 25-தான் சட்டப்படி வருஷப் பிறப்பு. ஏட்டில் பிப்ரவரி 1675 என்று இருந்தால், நம் கணக்கில் அது 1676. தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.