கடைசிப் பத்து நிமிடம்

நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பிற மொழிப் படங்களை ஹாலிவுட் திரும்ப எடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று சில படங்களின் முடிவை நான் உடைத்துத்தான் ஆகவேண்டும். பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பேச்சே முடிவுகளைப் பற்றியதுதான்.

கல்லூரி விடுதியில் ஒரு நள்ளிரவில் 'தி வானிஷிங்' என்ற ஆங்கிலப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பரவாயில்லை என்று தோன்றியது, தூங்கிவிட்டேன். பல வருடம் கழித்து, அது எந்தப் படத்திலிருந்து வந்ததோ அந்த டச்சுப் படத்தைப் பார்த்தேன். 1988இல் வந்த 'ஸ்போர்லோஸ்'. தடயமில்லாமல் என்று பொருள். அன்றைக்கு நான் தூங்கவில்லை.

ரெக்ஸ், சாஸ்கியா என்று ஒரு ஜோடி விடுமுறைக்குப் பிரான்சுக்குக் காரில் போகிறார்கள். வழியில் பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கிறது. குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று உள்ளே போன சாஸ்கியா திரும்பி வரவே இல்லை. மூன்று வருடம் தேடுகிறான் ரெக்ஸ். உயிரோடு இருக்கிறாளா என்பதைவிட, என்னதான் ஆனது என்று தெரிந்தாகவேண்டும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். கடத்தியவனே ஒருநாள் எதிரில் வந்து நிற்கிறான். வேதியியல் வாத்தியார், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், பார்த்தால் நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருப்பார். மயக்க மருந்து கலந்த காபியை நீட்டி, இதைக் குடித்தால் அவளுக்கு நடந்தது உனக்கும் தெரியும் என்கிறான். ரெக்ஸ் குடித்துவிடுகிறான். கண் விழித்தால் இருட்டு. லைட்டரைப் பற்றவைக்கிறான். முகத்துக்கு மேலே பலகை, அதற்கு மேலே மண். பெட்டிக்குள் உயிரோடு புதைந்து கிடக்கிறான்.

1993இல் இதை ஹாலிவுட்டில் எடுத்தவர் வேறு யாருமில்லை, அதே இயக்குநர் ஜார்ஜ் ஸ்லைசர்தான். அமெரிக்கப் படத்தில் நாயகனின் புதிய காதலி வந்து மண்ணைத் தோண்டி அவனை மீட்கிறாள். வில்லன் சாகிறான். கதை அவருடைய கைக்குள் இருந்தது, ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம். அப்படியும் படம் எழுந்து நிற்கவில்லை. ஏன்? தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்ற வெறிக்கு ரெக்ஸ் கொடுத்த விலை அவன் உயிர். அந்த உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவன் காபிக் கோப்பையைக் கையில் வாங்கிய அந்தக் கணத்துக்கு எடையே இல்லாமல் போகிறது. கடைசிப் பத்து நிமிடத்தை மாற்றியதாக நினைக்கிறோம். உண்மையில் முதல் நிமிடத்திலிருந்தே படம் மாறிவிடுகிறது.

ரீமேக்கே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954இல் வந்தது, மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1960இல் ஜான் ஸ்டர்ஜஸ் அதை 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' ஆக்கினார். வாள் துப்பாக்கியாயிற்று, ஜப்பானியக் கிராமம் மெக்சிகோ கிராமமாயிற்று, நீளமும் பெருமளவு குறைந்தது. ஆனால் ஏழு பேரில் நான்கு பேர் செத்த பிறகு, ஜெயித்தது விவசாயிகள்தான், நாம் தோற்றுவிட்டோம் என்று தலைவன் சொல்லும் அந்தக் கசப்பில் ஸ்டர்ஜஸ் கை வைக்கவில்லை. உடுப்பு மாறியும் உயிர் தங்கியது. அந்தப் படத்தை நான் இன்றும் ஆசையாகப் பார்ப்பேன்.

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'தி டிபார்ட்டட்' விஷயம் இவ்வளவு எளிதில்லை. 2002இல் வந்த ஹாங்காங் படம் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்'தான் அதன் மூலம். போலீஸ்காரன் ஒருவன் ரவுடிக் கும்பலுக்குள் ஒளிந்திருக்கிறான், கும்பலின் ஆள் ஒருவன் போலீசுக்குள் ஒளிந்திருக்கிறான். தொடக்கத்திலேயே இருவரும் ஒரு ஆடியோ கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய பாட்டைக் கேட்கிறார்கள். யார் யாரென்று இருவருக்கும் தெரியாது. எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. படத்தின் சீனத் தலைப்பு பௌத்தர்கள் சொல்லும் அவீசி நரகத்தைக் குறிப்பது. வேதனைக்கு இடைவெளியே இல்லாத நரகம். அதனால்தான் போலீசுக்குள் ஒளிந்திருந்த அந்தத் துரோகி கடைசியில் சாவதில்லை. நல்லவன் செத்துவிட, இவன் மரியாதையோடு வாழவேண்டியிருக்கிறது. வாழ்வதுதான் அவனுக்கு நரகம். சீனப் பெருநிலத்தில் வெளியிட்டபோது, குற்றவாளி தப்பக்கூடாது என்பதற்காக அவன் கைதாவது போல வேறு முடிவு சேர்த்தார்கள். 'தி டிபார்ட்டட்' ஆகி அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கதை வந்தபோது அவனை நெற்றியில் சுட்டே கொன்றார்கள்.

'தி டிபார்ட்டட்' நல்ல படம், எனக்குச் சந்தேகமில்லை. அயர்லாந்து வம்சாவளி கத்தோலிக்கர்களின் பாஸ்டனை ஸ்கோர்செஸி உள்ளங்கை ரேகை போல அறிந்து எடுத்திருக்கிறார். பாவத்துக்குச் சம்பளம் மரணம் என்பது அந்த ஊர் நம்பிக்கை, அது அந்த மண்ணோடு பொருந்துகிறது. என் மனவருத்தம் வேறு. 2007 ஆஸ்கர் மேடையில் அந்தப் படம் சிறந்த படம் உட்பட நான்கு விருதுகள் வாங்கியது. திரைக்கதை விருதின்போது அறிவிப்பாளர் மூலத்தை ஜப்பானியப் படம் என்று சொன்னார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அறிவிப்பில் ஹாங்காங் என்ற ஊரின் பெயர் வரவில்லை. கடன் வாங்குவதில் தவறில்லை, கொடுத்தவர் பெயராவது சரியாக இருக்கவேண்டாமா?

பெயரை மறந்தது இருக்கட்டும். படத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்த கதைக்கு வருகிறேன். இன்று நாம் கூடியிருப்பதே அதற்காகத்தான்.

1939இல் பிரான்சில் மார்செல் கார்னே எடுத்த படம் 'லெ ஷூர் ஸ லேவ்', பொழுது விடிகிறது. வசனம் கவிஞர் ஷாக் பிரேவேர். ஆலைத் தொழிலாளி ஒருவன் கொலை செய்துவிட்டு, உயரமான கட்டடத்தின் மேல்தளத்தில் தன் அறைக்குள் அடைந்துகொள்கிறான். ழான் கபேன் நடித்தார். ஓர் இரவு முழுக்க, இந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்று நினைத்துப் பார்க்கிறான். போர் தொடங்கியதும், மக்களைச் சோர்வடையச் செய்யும் படம் என்று பிரான்சே அதைத் தடை செய்தது.

போர் முடிந்ததும் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் உரிமையை வாங்கியது. 1947இல் ஹென்றி ஃபோண்டாவை வைத்து 'தி லாங் நைட்' வெளிவந்தது. அமெரிக்காவில் அப்போது கறாரான தணிக்கை விதிகள். கடைசியில் ஃபோண்டா காதலியின் பேச்சைக் கேட்டுக் கீழே இறங்கிச் சரணடைகிறார். இத்தோடு விட்டிருந்தால் இன்னொரு சுமாரான ரீமேக் என்று மறந்திருப்போம். தன் படத்துக்குப் போட்டி இருக்கக்கூடாது என்று, கார்னே படத்தின் பிரதிகளை எல்லாம் தேடி வாங்கி அழிக்க அந்த நிறுவனம் முனைந்தது. படம் அழிந்தே போயிற்று என்று அஞ்சினார்கள். 1950களில்தான் பிரதிகள் மறுபடி வெளியே வந்தன. யோசித்துப் பாருங்கள். ராணுவத் தணிக்கையிலும் நாஜி ஆக்கிரமிப்பிலும் தப்பிய படத்தை, அதை விரும்பி வாங்கியவர்களே அழிக்கப் பார்த்தார்கள்.

அந்தப் படம்தான் இன்னும் சில நிமிடத்தில் இந்தத் திரையில் ஓடப்போகிறது. ஒன்றரை மணி நேரம். இரண்டு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். போலீஸ் சுடத் தொடங்கியதும் கபேன் ஒரு பெரிய மர அலமாரியைத் தள்ளிக் கதவை அடைப்பார். அறையில் தீக்குச்சி கிடையாது. ஒரு சிகரெட் அணைவதற்குள் அதன் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைத்தாக வேண்டும். எந்தச் சிகரெட்டில் அந்த நெருப்பு அறுந்துபோகிறது என்று பாருங்கள். பிறகு விடியும்போது, கண்ணீர்ப்புகை பரவும் அறையில், அவரை வேலைக்கு எழுப்புகிற அலாரக் கடிகாரம் அடிக்கத் தொடங்கும். நிறுத்த ஆள் இல்லை. அது அடித்து முடியும்வரை தயவுசெய்து யாரும் எழுந்திருக்க வேண்டாம்.