வள்ளி திருமணத்துக்கு அடுத்து என்ன நாடகம்?

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தை முடியப் போகிறது. கோயில் விழாவான மாசிக் களரிக்கு நாடகக் கொட்டகை போட ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே தொடங்கி, பங்குனிப் பொங்கல், சித்திரை, வைகாசி என்று ஆடி வரைக்கும் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் இரவெல்லாம் நாடகம் நடக்கும், ஆர்மோனியம் கேட்கும். நடிகர்கள் இதை 'சீசன்' என்பார்கள். வருடம் முழுவதற்கும் வேண்டிய அரிசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாவற்றையும் இந்த ஐந்தாறு மாதத்தில்தான் சம்பாதித்தாக வேண்டும். 2020-இல் பங்குனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ஊரடங்கு வந்தது. வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவித்த குடும்பங்களை நான் அறிவேன். அடுத்த வருடமும் அப்படியே போனது. அதனால் இப்போது ஒவ்வொரு சீசன் வரும்போதும் எனக்கு நெஞ்சில் ஒரு படபடப்பு இருக்கிறது.

இந்த நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இளைஞர்கள் சிலருக்கு ஏன் 'ஸ்பெஷல்' என்று தெரிந்திருக்காது. இங்கே நிலையான குழு கிடையாது. மதுரையில் சுண்ணாம்புக்காரத் தெருப் பக்கம் போனால் நடிகர் சங்கம் இருக்கிறது. புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் திண்டுக்கல்லிலும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. ஊர்க் கமிட்டிக்காரர்கள் ஏஜெண்டைப் பிடித்து, நாயகனாக வரும் ராஜபார்ட் இந்த ஊர்க்காரர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் அந்த ஊர்க்காரர், சிரிக்க வைக்கப் பபூன் ஒருவர், டான்ஸுக்கு ஒருவர் என்று ஆளுக்கு ஆள் தனியாகத் தேதி வாங்குவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டு, தாளம் எல்லாமே அப்படித்தான். ஒவ்வொருவரையும் 'ஸ்பெஷலாக' அழைப்பதால் ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை என்ற பேச்சே இல்லை.

ஒத்திகை இல்லாமல் எப்படி முடிகிறது? நானும் அதை நம்பாமல்தான் இருந்தேன். ஒரு பங்குனியில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவைத் தட்டியால் மறைத்து மேக்கப் அறையாக்கியிருந்தார்கள். காபி கொடுக்கப் போனேன். ஸ்திரீபார்ட் அம்மா தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த கண்ணாடியில் பார்த்துப் புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ராஜபார்ட் பைக்கிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். அன்றுதான் இருவரும் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். "வணக்கம்ண்ணே" என்றார் அந்த அம்மா. "வணக்கம்மா, சாப்ட்டாச்சா?" என்றார் இவர். ஆர்மோனியக்காரர் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, எத்தனை கட்டை?" என்று சுருதியைக் கேட்டார். "அஞ்சுண்ணே. தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு, தர்க்கத்துல பார்த்துக்குங்க." அவ்வளவுதான் பேச்சு. நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு அதே இருவரும் பத்து வருடம் ஒன்றாக நடித்தவர்கள் மாதிரி, ஒருவர் பாட்டின் கடைசி அடியை மற்றவர் எடுத்துத் திருப்பிக் கொடுத்து, கேள்விக்குக் கேள்வி, விருத்தத்துக்கு விருத்தம் என்று தர்க்கத்தில் நின்றார்கள். ஆர்மோனியக்காரர் சொன்னபடி பார்த்துக்கொண்டார். அந்த அம்மாவின் குரல் தேய்ந்த இடத்தில் எல்லாம் அவர் குரல் வந்து தாங்கியது.

இது சாத்தியமாவதற்குக் காரணம் ஒரு மனிதர். சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர், 1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர். முதலில் நடிகராக இருந்தார். எமன், சனீஸ்வரன் வேடங்களில் அவரைப் பார்த்து ஜனங்கள் நடுங்கியதாகச் சொல்வார்கள். பிறகு வேடம் கட்டுவதை விட்டுவிட்டு, எழுதுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுமாகவே வாழ்ந்தார். தம் சபையில் சிறுவனாக இருந்த டி. கே. சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் எல்லாம் அவர் வழியாக வந்தவை. மதுரைக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் ஒத்திகை இல்லாமல் ஒரே மேடையில் நிற்க முடிவது இதனால்தான். இருவருக்கும் பாடம் ஒன்று. அதனால்தான் நடிகர்கள் இன்றைக்கும் அவருக்குக் குருபூஜை செய்கிறார்கள்.

சரி, இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சுவாமிகள் எழுதியது நாற்பதை ஒட்டி. இந்தச் சீசனில் ஒட்டப்போகும் நோட்டீஸ்களைப் பாருங்கள். பத்தில் எட்டில் வள்ளி திருமணம்தான் இருக்கும்.

வள்ளி திருமணம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டும் காட்சி ஒன்று போதும். அந்தக் காட்சியில்தான் தியாகி விஸ்வநாத தாஸ், வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கி விரட்டிப் பாடினார். பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் இதே வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அந்த நாடகத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கோயில் விழாவுக்குக் கல்யாணத்தில் முடியும் கதை வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நினைப்பதும் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒரு நாடகம் மட்டும் ஓடினால் மற்ற நாடகங்கள் என்ன ஆகும்? இவை அச்சில் இருப்பதால் பிழைப்பவை அல்ல. தொண்டையில் இருப்பவை. பவளக்கொடியின் பாட்டுகளை முழுதாகப் பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே வருகிறது. புதிதாக வரும் பிள்ளை, தேதி கிடைக்காத நாடகத்துக்கு எதற்குப் பாடம் பண்ணப் போகிறான்? அவனைக் குறை சொல்ல முடியாது. கேட்கிறவர்கள் கேட்டால்தான் அவன் படிப்பான்.

சத்தியவான் சாவித்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் உயிரைப் பிடித்துக்கொண்டு எமன் போகிறான். பின்னாலேயே போகிறாள் அவள். அழவில்லை, காலில் விழவில்லை. வாதம் பண்ணுகிறாள். ஒரு வரம் கொடுத்து அனுப்பப் பார்க்கிறான் எமன். வாங்கிக்கொண்டு மறுபடி வருகிறாள். கடைசியில் பிள்ளை வரம் கேட்டு வாங்கிவிட்டு, புருஷனை நீ கொண்டுபோனால் கொடுத்த வரம் என்னாவது என்று நிற்கிறாள். நல்ல ஸ்திரீபார்ட்டும் நல்ல எமனும் அமைந்துவிட்டால் அந்தத் தர்க்கம் ஒரு மணி நேரம் போகும். என் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த வாதத்தை வரிசை மாறாமல் சொல்வார், களத்துமேட்டில் கேட்டதுதான்.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். பபூனும் டான்ஸும் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடுகிறது. பபூன் பெரிய கலைஞர்தான், அவருக்குக் கைதட்டுங்கள். ஆனால் இரவு பன்னிரண்டரைக்கு ராஜபார்ட் திரைக்குள்ளிருந்து விருத்தத்தை எடுத்துக்கொண்டே வரும்போது, எதிரே வெறும் மணல் கிடந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? முன்வரிசையில் இரண்டு கிழவிகள் வெற்றிலை இடித்துக்கொண்டு கேட்பதைப் பார்த்துவிட்டு, அவர்களுக்காகவே முழுசாகப் பாடிய ராஜபார்ட்டை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பதற்கு நேரம் இதுதான். நோட்டீஸ் அச்சடித்த பிறகு போய்ப் பயனில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று விழாவுக்கு வசூலிக்கும் தலைக்கட்டு வரி பேச ஊர் கூடும்போதே எழுந்து, முதல் நாள் வள்ளி திருமணம் இருக்கட்டும், இரண்டாம் நாள் வேறு நாடகம் போடலாமா என்று கேளுங்கள். இரண்டு நாள் கட்டாது என்றால், இந்த வருடம் வள்ளி, அடுத்த வருடம் பவளக்கொடி. ஏஜெண்டிடம் போகும்போது, அந்த நாடகத்தில் பாடம் உள்ள மூத்தவர் யார் என்று விசாரித்து அவரை வைத்துத் தொடங்குங்கள். மற்றவர்களை அவரே சொல்லிவிடுவார்.

எங்கள் ஊரில் போன வாரம் கூட்டம் நடந்தது. கொஞ்சம் சத்தம் வந்தது, அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் இரவு சத்தியவான் சாவித்திரி. அச்சாரம் கொடுத்தாயிற்று. இங்கே இருக்கும் எல்லோரும் வர வேண்டும். பாய் ஒன்று எடுத்து வாருங்கள், விடியற்காலையில் பனி இறங்கும், போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பபூன் வருவார். எமன் வர மூன்று மணி ஆகும். அதுவரைக்கும் காபிக்கு நான் பொறுப்பு.