சந்தைக்கிழமை மாத்திரை

வணக்கம் நேயர்களே. காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கத் தவிக்கிறவர்கள், சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுகிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிலையத்தை மாற்றிவிடாதீர்கள். இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

சேலத்தில் கை வலி என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர், தறியில் உட்காருகிறவர், ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர், எல்லோருக்கும் கை வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வேலையால் வரும் வலி சாயங்காலம் கூடும், படுத்து எழுந்தால் குறையும். முடக்குவாதம், நம் பக்கம் சரவாங்கி என்பார்களே, அது நேர்மாறு. படுத்து எழும்போதுதான் அதிகம். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும், வேலை செய்யச் செய்ய இளகும். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கும், மோதிரம் கழலாது. மலைமேல் இருக்கிறவர்கள் "பனியால வந்ததுங்க" என்பார்கள். குளிரில் வலி கூடுதலாகத் தெரியலாம், ஆனால் பனியால் இந்த நோய் வருவதில்லை. யாருக்கும் ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

கிருமியோடு சண்டை போட வேண்டிய தற்காப்பு அணுக்கள் நம் மூட்டின் உள்ளுறையையே தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்கிற கதை. இப்படிப்பட்டவற்றைத்தான் ஆட்டோஇம்யூன் நோய்கள் என்கிறோம். பரம்பரைக்குக் கொஞ்சம் பங்குண்டு, பீடி சிகரெட்டுக்கும் உண்டு. முடக்குவாதம் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. சரி, மேய்கிற வேலியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? முடியாது. காசநோய்க்கிருமி காத்துக்கொண்டிருக்கிற நாடு இது. அதனால் எதிர்ப்புச் சக்தியை அடியோடு ஒழிக்காமல், அளவாகத் தணிக்க வேண்டும்.

தணிக்கிற மருந்துகளில் முதலில் நிற்பது மெத்தோட்ரெக்ஸேட். நான் எங்கே பேசப் போனாலும் இந்த மாத்திரையில் வந்து நின்றுவிடுகிறேன் என்று என் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் அல்ல. இன்னொரு முறை சொல்கிறேன், வாரத்தில் ஒரு நாள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையெல்லாம் தினம் போட்டுப் பழகிய கை, இதையும் தினம் பிரித்துவிடுகிறது. அப்படிப் போட்டால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: உங்கள் ஊரில் சந்தை எந்தக் கிழமை? கிழமையை மறந்தவர்கள்கூடச் சந்தையை மறப்பதில்லை. சந்தை அன்றைக்கு மாத்திரை, முடிந்தது. எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா, "ஏனுங்க டாக்டரம்மா, மழையில சந்தை கூடலைன்னா மாத்திரையும் இல்லீங்களா?" என்று கேட்டார். அதிலிருந்து, சந்தை கூடினாலும் கூடாவிட்டாலும் என்று சேர்த்துச் சொல்கிறேன்!

இதோடு, பக்கவிளைவைக் குறைக்க, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையும் தருவோம், வேறொரு நாளில். இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் அங்கி போட்டுக்கொண்டு போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போய், லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவை நடத்தினார். ஃபோலிக் அமிலத்தை அங்கே செயற்கையாக உருவாக்கினார்கள். அதன் வேலையைத் தடுக்கிற மருந்துகளையும் அதே கூடத்தில்தான் செய்தார்கள், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக. அந்த வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். சுப்பாராவ் 1948இல் காலமானார். முடக்குவாதத்துக்கு இதைத் தர அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது 1988இல். தாமதமாக வந்தாலும், இன்றைக்கு நம் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறவர் கைக்கும் அது வந்து சேர்கிறது. கடையில் வாங்கினாலும் விலை குறைவு. விலை குறைந்த மருந்து என்றால் மட்டம் என்று நினைக்கிற பழக்கம் எனக்குப் புரிவதே இல்லை.

மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் மருந்துக்கடையில் பொட்டலம் மடித்து வாங்குகிறார்கள். மறுநாளே வலி பறந்துவிடும். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அதே 1948இல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற மருத்துவர், படுக்கையில் புரளவும் முடியாத ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாளில் அந்தப் பெண் கடைவீதிக்கு நடந்து போனார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. அப்புறம்தான் பக்கவிளைவுகள் முழுதாகத் தெரிந்தன: முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும். நாங்களும் ஸ்டீராய்டு தருகிறோம், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. நாள்பட எடுத்தவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும், மயங்கி விழுவீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

லூபஸ் என்ற இன்னொரு ஆட்டோஇம்யூன் நோய் பற்றியும் விரிவாகப் பேச எழுதி வந்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கிறது, கூடவே மூட்டு வலி, முடி கொட்டுகிறது என்றால் லூபஸா என்று பார்க்க வேண்டும், சிறுநீரையும் சோதிக்க வேண்டும். அதற்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுக்கிறவர்கள் கண் பரிசோதனையை விடக்கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறவர்கள் மது தொடக்கூடாது. ஈரலையும் இரத்த அணுக்களையும் பரிசோதிக்க, சொன்ன தேதியில் இரத்தம் கொடுக்க வேண்டும். கல்யாணமான பெண்கள், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடனே, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும். மாற்று மருந்து இருக்கிறது. நன்றி, வணக்கம்.