பகலின் கண்

நேயர்களுக்கு வணக்கம். டெய்ஸி என்பது எனக்கு முதலில் ஒரு பெண்ணின் பெயராகத்தான் தெரியும், அது ஒரு பூ என்பது அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெயருக்குள் ஒரு கண் இருக்கிறது என்று அகராதியில் பார்த்த அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை.

ஆங்கிலத்தில் 'டே' என்றால் பகல், 'ஐ' என்றால் கண். 'டேஸ் ஐ' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், டெய்ஸி வந்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இந்தப் பூவைப் பகலின் கண் என்றுதான் அழைத்தார்கள். நாமாக இருந்தால் பகல்விழி என்று வைத்திருப்போமோ என்னவோ! நெய்தலைக் கண்ணாகப் பார்த்த சங்கப் புலவர்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும்.

பெயர் வைத்தவர்கள் பூவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு முக்கியம். புல்வெளியில் தரையோடு தரையாக வளரும் சின்னச் செடி அது. பொழுது சாய்ந்தால் வெள்ளை இதழ்கள் மேலே எழும்பி, நடுவிலுள்ள மஞ்சளை இமை மாதிரி மூடிக்கொள்ளும், அப்போது இதழ்களின் அடிப்பக்கத்தில் இருக்கும் இளஞ்சிவப்பு வெளியே தெரியும். வெயில் வந்ததும் திறந்துகொள்ளும். மழை மூட்டம் போட்டால் பகலிலும் மூடிக்கொள்வதுண்டு.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவி சாசர் இந்தப் பூவைப் பாடும்போது, பகலின் கண் என்ற பெயர் இதற்குப் பொருத்தம்தான் என்று சொல்கிறார். காலையில் அது விரிவதைப் பார்க்க எழுந்து போவதும், மாலையில் அது உறங்கப் போவதைப் பார்க்க ஓடுவதுமாக இருக்கிறார் அந்தக் கவிதையில்.

இன்னொன்று, ஒரு பூ என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரு பூ இல்லை. நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் பொடிப்பொடிப் பூக்களின் கூட்டம், சுற்றியுள்ள வெள்ளை இதழ் ஒவ்வொன்றும்கூடத் தனித்தனிப் பூ. சூரியகாந்தியும் சாமந்தியும் இதே குடும்பம்தான்.

சொல்லின் பொருள் நாளடைவில் ஒலிக்குள் மறைந்துவிட்டது. இதன் உறவுக்காரப் பூ ஒன்றுக்கு 'ஆக்ஸ் ஐ டெய்ஸி' என்று பெயர், அதாவது எருதுக்கண் டெய்ஸி. அந்தப் பெயரில் கண் இரண்டு தடவை வருகிறது, சொல்கிறவர்கள் காதில் விழுவதோ ஒன்றுதான்.