கம்ப்யூட்டரே இல்லாத கம்ப்யூட்டர் வகுப்பு: 36 அட்டையில் ஒரு மேஜிக்!

[திரையில்: 6-க்கு 6 கட்டமாக அட்டைகள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை.]

நான் திரும்பி நின்றுகொள்கிறேன். நீங்கள் ஏதாவது ஒரு அட்டையைப் புரட்டிப் போடுங்கள். போட்டாச்சா? இதோ பார்க்கிறேன்... மூன்றாவது வரிசை, நான்காவது அட்டை!

மனப்பாடம் இல்லை, கேமரா வித்தையும் இல்லை. இது கம்ப்யூட்டர் சயின்ஸ். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோர் 1990-களில் உருவாக்கிய ‘அன்பிளக்டு’, அதாவது கம்ப்யூட்டரே இல்லாமல் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று. வரலாறு அவ்வளவு போதும், சூட்சுமத்துக்கு வருவோம்.

முதலில் மாணவர்கள் 25 அட்டைகளை இஷ்டத்துக்கு அடுக்குவார்கள். "இன்னும் கஷ்டமாக்கலாம்" என்று சொல்லி, ஆசிரியர் வலது ஓரத்தில் ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் சேர்ப்பார். வேலையே அங்கேதான் நடக்கிறது! குறுக்கே எண்ணினாலும் நெடுக்கே எண்ணினாலும், ஒவ்வொரு வரிசையிலும் கறுப்பு அட்டைகள் இரட்டைப்படையில் வரும்படி பார்த்து வைப்பார். ஒன்றைப் புரட்டினால் குறுக்கே ஒரு வரிசையும் நெடுக்கே ஒரு வரிசையும் ஒற்றைப்படை ஆகிவிடும். இரண்டும் வெட்டும் இடத்தில் திருடன் அகப்படுவான்.

கறுப்பை 1 என்றும் வெள்ளையை 0 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் எல்லாத் தகவலும் இந்த 1, 0 தான். அனுப்பும் வழியில் கெட்டுப்போன தகவலை கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பதற்கு அடிப்படை இதுதான். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணின் 13-வது இலக்கமும் இப்படிக் காவலுக்கு நிற்பதுதான்.

அட்டை இல்லையா? தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை 36 எடுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இது. தேய்த்த பக்கம் வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும். மறுபக்கம் வழவழப்பு. கண் தெரியாத பிள்ளையும் விரலால் தடவியே விடை சொல்லிவிடும்!

பல வகுப்புகளில் முதல் நாளே "கணினியின் பாகங்கள் யாவை?" என்று ஆரம்பிக்கிறார்கள். வீட்டில் லேப்டாப் இருக்கும் பிள்ளை கை தூக்கும். மற்றவர்கள் ‘நமக்கு இது வராது’ என்று ஒதுங்கிவிடுவார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. புளியங்கொட்டைக்கு முன்னால், வீட்டில் லேப்டாப் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆசிரியர்களே, நாளைக்கே வகுப்பில் செய்து பாருங்கள். பெயர், வரையறை எல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரே வரிசையில் இரண்டு அட்டைகளைப் புரட்டிவிட்டால், தப்பு நடந்தது தெரியுமா? எந்த இரண்டு என்று சொல்ல முடியுமா? அடுக்கிப் பார்த்துவிட்டு கமெண்டில் எழுதுங்கள்.