வீட்டுத் தரைக்குப் பழைய தேக்கே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தோழர்களே, யாங்கோன் வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

"வீட்டுத் தரைக்கு உகந்தது பழைய வீட்டு மரமா, புதிதாக அறுத்த மரமா?" பழைய மரமே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய தோழர் பழைய பலகையின் மேல் மூன்று குற்றம் சுமத்தினார்: ஆணி, கோணல், கூலி. மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றும் தச்சர் கையில் தீரக்கூடியவை. புதுப் பலகையின் குறையோ வயசுக் குறை. அதை எந்த உளியும் தீர்க்காது.

1856-இல் பெகுவுக்கு (இன்றைய பகோ) வந்த வன அதிகாரி பிராண்டிஸ் தொடங்கிவைத்த, முற்றிய மரத்தை மட்டும் தேர்ந்து வெட்டும் முறையில், ஈரக் காட்டுத் தேக்குக்கு 7 அடி 6 அங்குலச் சுற்றளவு என்பது நெடுங்காலம் வெட்டுவதற்கான கீழ் வரம்பாக இருந்தது. அந்தப் பருமனுக்கு மரம் நூறாண்டுக்கு மேல் நிற்க வேண்டும். பிறகு பட்டையைச் சுற்றிலும் வெட்டி, நின்றபடியே சில ஆண்டுகள் காயவிட்டுத்தான் ஆற்றில் மிதக்க விட்டார்கள். அப்படி வந்த பலகைதான் நம் பழைய வீடுகளில் கிடக்கிறது. இருபது, முப்பது ஆண்டில் வெட்டும் தோட்டத் தேக்கில் வைரம், அதாவது முற்றிய நடுமரம், குறைவு; வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய இளமரம், அதிகம். "தேக்கைக் கறையான் தொடாது" என்றார் தோழர். தொடாதது வைரத்தை, ஐயா! வெள்ளையைத் தின்றுவிடும்.

முற்றிய காட்டு மரத்தையே புதிதாக வாங்கலாமே என்பார்கள். உருட்டு மர ஏற்றுமதியை 2014 ஏப்ரல் 1 முதல் இந்நாடு நிறுத்தியது. 2016-இல் பெகு யோமா மலைத்தொடரில் பத்தாண்டுக்கு மரம் வெட்டவே தடை வந்தது. தேக்கின் தாய்வீடான மலையையே மூடிவைக்கும் நிலை வந்தபின், இடிக்கும் வீட்டுப் பலகையை விறகுக்கு அனுப்புவது பெரும் பாவம்.

இது இந்த மண்ணுக்குப் புதிய வழக்கமும் அல்ல. மாந்தலேயின் ஷ்வேநந்தோ மடாலயம் முதலில் அமரபுரத்து அரண்மனைக் கட்டடம். அதைப் பிரித்து மாந்தலே அரண்மனைக்குள் நிறுத்தினார்கள். மிண்டோன் மன்னர் மறைந்தபின் மறுபடியும் பிரித்து வெளியே கொண்டுபோய் மடமாக்கினார்கள். 1945-இல் அரண்மனை எரிந்தது. இடம் மாறியிருந்த மரம் பிழைத்தது.

இனி ஆணி. தலைப்பக்கமாகப் பிடுங்கினால் பலகை பிளக்கும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை நிமிர்த்தி, அடித்து வெளியே தள்ள வேண்டும். பிறகு உலோகங்காட்டியை இருபுறமும் ஓட்டுங்கள். உள்ளே முறிந்த ஒரே ஆணி இழைப்பு இயந்திரத்தின் கத்தியைக் கெடுத்துவிடும். ஆணித் துளையைச் சுற்றியுள்ள கருங்கறை இரும்பும் மரச்சாறும் சேர்ந்த நிறம். அது அழுகல் அல்ல. அதற்காகப் பலகையைக் கழிக்காதீர்கள். கனத்தைச் சமன் செய்யப் பின்பக்கத்தை இழையுங்கள். காலம் ஏற்றிய நிறம் முகப்பில் நிற்கட்டும். பழைய வண்ணம் பூசியிருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் தூசு குழந்தைகளின் உடம்புக்குள் போகும். நனைத்துச் சுரண்டுவதே வழி.

பழைய மரம் அசையாது என்று எங்கள் அணியிலேயே சிலர் நம்புகிறார்கள். அது தவறு. எந்த வயதிலும் மரம் ஈரத்தை உண்ணும், உமிழும். தரை போடும் அறையிலேயே, குறுக்குச் சட்டம் வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது விடுங்கள். ஈரமானியால் பலகையையும் அதைத் தாங்கும் அடிச்சட்டத்தையும் அளந்து பாருங்கள். அகலப் பலகையென்றால் இரண்டுக்கும் 2 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு கூடாது. சுவரோரம் அரை முதல் முக்கால் அங்குலம் இடைவெளி வேண்டும். இதை விடாமல் இறுக்கி அடித்த தரைதான் மழைக்காலத்தில் நடுவில் எழும்பி நிற்கிறது. பழி வந்து விழுவது மரத்தின் மேல்!

மேற்பூச்சில் இன்னொரு சங்கடம். தேக்கின் எண்ணெய்ச் சாறு, பாலியூரித்தேன் என்ற பளபளப்புப் பூச்சைக் காயவிடாமல் பிசுபிசுக்க வைக்கும். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்தால் பிடிக்கும். அதைவிட எண்ணெய்ப் பூச்சே நல்லது என்பது என் கருத்து. தேய்ந்த இடத்தை மட்டும் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

கூலிக் கணக்குக்கு வருகிறேன். 12 அடிக்கு 15 அடி அறை என்றால் 180 சதுர அடி. ஒரு அங்குலப் பலகைக்கு 15 கன அடி. ஆணித்துளை, முனை வெடிப்பு எல்லாம் கழியும் என்பதால் கால் பங்கு கூட்டுங்கள்: 18.75 கன அடி. டன்னுக்கு 50 கன அடி என்ற நம் கடைக் கணக்கில் அரை டன்கூட ஆகவில்லை. கூலி கூடும்தான். ஆனால் அந்தக் கூலி ஒரு முறைதான். வெள்ளை விழுந்த பலகையைக் கறையான் அரித்தால் மரத்துக்கும் கூலிக்கும் மறுபடி செலவு.

அடுத்து வரும் எதிரணித் தோழர் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும்: நீங்கள் வாங்கச் சொல்லும் புதுப் பலகையில் எத்தனை அங்குலம் வைரம், எத்தனை அங்குலம் வெள்ளை? அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.